அடையாறு பெற்ற பிள்ளைகள்

1884 டிசம்பர் கடைசி வாரத்தில் சென்னையில் இரண்டு கூட்டங்கள் அடுத்தடுத்து நடந்தன. ஒன்று அடையாற்றில், பிரம்மஞான சபையின் ஆண்டு மாநாடு. இன்னொன்று, அந்த ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்டிருந்த சென்னை மகாஜன சபையின் முதல் மாநாடு. முதலாவதில் ஆன்மா, மறுபிறவி, பரிணாமம். அடுத்ததில் வரி, சட்டசபைச் சீர்திருத்தம், சிவில் சர்வீஸ் தேர்வு. அடையாற்றுக்கு வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் இதற்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றே தேதிகள் ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. வக்கீல், பத்திரிகை ஆசிரியர், கல்லூரி ஆசிரியர், சின்ன சமஸ்தானத்து அதிகாரி என்று ஆங்கிலம் படித்த ஒரு கூட்டம் காலையில் தத்துவமும் மாலையில் அரசியலும் பேசிய வாரம் அது.

அந்த நாட்களில்தான் மயிலாப்பூரில் திவான் பகதூர் ஆர். ரகுநாத ராவ் வீட்டில் 17 பேர் கூடினார்கள், காங்கிரஸ் என்ற எண்ணம் அங்கேதான் கருக்கொண்டது என்று அன்னி பெசன்ட் 1915-ல் எழுதினார். அவர் தந்த பட்டியலில் எஸ். சுப்பிரமணிய ஐயர், பி. ரங்கய்ய நாயுடு, பி. ஆனந்தாசார்லு ஆகிய சென்னைக்காரர்களோடு தாதாபாய் நௌரோஜி, சுரேந்திரநாத் பானர்ஜி பெயர்களும் இருக்கின்றன. அத்தனை பேரும் அன்று மயிலாப்பூரில் இருந்தார்களா என்று வரலாற்றாசிரியர்கள் ஐயப்பட்டிருக்கிறார்கள். பம்பாயிலும் பூனாவிலும் கல்கத்தாவிலும் அதே எண்ணம் வேறு வழிகளில் முளைத்துக்கொண்டிருந்ததும் உண்மை. ஆகவே காங்கிரஸின் பிறந்த வீடு மயிலாப்பூர் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். என்னை இழுப்பது வேறொரு கேள்வி. ஒரு தத்துவ சபையின் ஆண்டு மாநாட்டுக்கும் ஒரு நாட்டின் விடுதலை அரசியலுக்கும் நடுவே அப்படி என்ன ஓடியது?

முதலில் அந்த சபையைப் பார்க்க வேண்டும். 1875-ல் நியூயார்க்கில் ரஷ்யப் பெண்மணி பிளாவட்ஸ்கியும் அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டும் தொடங்கியது. 1879-ல் பம்பாய் வந்தார்கள். 1882-ல் அடையாற்றின் தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் விலைக்கு வந்தது. வாங்கி, அந்த டிசம்பரிலேயே குடிவந்தார்கள். டார்வினின் நூல் வெளிவந்து அப்போது கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. பூமியின் வயதைப் புவியியலாளர்கள் கோடிக்கணக்கில் எண்ணத் தொடங்கியிருந்தார்கள். ஆறாயிரம் ஆண்டுக் கணக்கு சொன்ன பாதிரிமார்கள் திணறினார்கள். இந்த இடத்தில்தான் பிளாவட்ஸ்கி புகுந்தார். பரிணாமம் உண்மை, ஆனால் உடலோடு நிற்பதில்லை, ஆன்மாவும் பரிணமிக்கிறது. கோடி கோடியாக யுகங்களை எண்ணிய இந்துக்களும் பௌத்தர்களும் இதை முன்பே அறிந்திருந்தார்கள் என்றார். 1888-ல் வந்த அவருடைய பெரிய நூலின் துணைத்தலைப்பே அறிவியல், சமயம், தத்துவம் மூன்றின் ஒருங்கிணைப்பு என்றுதான் உரிமை கொண்டாடியது.

இதை அறிவியல் என்று இன்று யாரும் ஏற்கமாட்டார்கள். அன்றும் ஏற்காதவர்கள் இருந்தார்கள். 1884 செப்டம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகை, அடையாற்றில் வேலை பார்த்த கூலோம் தம்பதியிடமிருந்து வந்த கடிதங்களை வெளியிட்டது. மகாத்மாக்கள் என்று பிளாவட்ஸ்கி சொன்ன மறைவான குருமார்கள் அனுப்புவதாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் அலமாரியில் தோன்றியதெல்லாம் ஏற்பாடு என்பது குற்றச்சாட்டு. அதை விசாரிக்க லண்டனிலிருந்து ரிச்சர்ட் ஹாட்சன் என்பவர் வந்தார். மேலே சொன்ன டிசம்பர் மாநாட்டின்போது அவர் அடையாற்றில்தான் இருந்தார். மறு ஆண்டு வெளியான அவருடைய அறிக்கை மோசடி என்றே முடிவு சொன்னது. ஆனால் அந்த டிசம்பரில் பிளாவட்ஸ்கி சென்னைக்குத் திரும்பியபோது, கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்கள் உட்பட நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்ட வரவேற்பு மடல் அவருக்குக் கிடைத்தது. அந்த இளைஞர்கள் ஏமாந்தவர்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். உன் முன்னோர் இருட்டில் கிடந்தார்கள் என்று தினமும் வகுப்பறையில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து அதை மறுத்துச் சொன்னபோது அவர்களுக்குள் நிமிர்ந்த ஒன்றை எந்த விசாரணை அறிக்கையாலும் மடக்க முடியவில்லை.

கருத்து மட்டும் இருந்தால் போதாது, அதற்கு உடம்பு வேண்டும். பிரம்மஞான சபை அதையும் கொண்டுவந்தது. ஊருக்கு ஊர் கிளை, சந்தா, பிரதிநிதி, தீர்மானம், ஆண்டறிக்கை, கோர்ட்டு விடுமுறைக்குத் தோதாக டிசம்பரில் ஆண்டுக்கூட்டம். லாகூர்க்காரரும் வங்காளியும் திருநெல்வேலிக்காரரும் ரயிலேறி வந்து, ஒரே பந்தலில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் வாதாடிவிட்டுப் போனார்கள். 1885 டிசம்பர் 28 அன்று பம்பாயில் 72 பிரதிநிதிகளோடு கூடிய காங்கிரஸும் ஏறத்தாழ இதே அச்சில்தான் இருந்தது.

அதைக் கூட்டிய ஏ. ஓ. ஹியூமைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் ஒற்றை வரியில் முடித்துக்கொள்வது எனக்கு எப்போதும் வருத்தம். சிவில் சர்வீஸ் அதிகாரி. அதைவிட முக்கியமாக, இந்தியப் பறவையியலின் பெரும்புள்ளி. சிம்லாவில் அவர் சேர்த்து வைத்திருந்த பறவைத் தோல்களும் முட்டைகளும் 80,000 அளவில் இருந்தன. இந்தியப் பறவைகள் பற்றிய பெரிய நூலுக்காகப் பல்லாண்டுகள் எழுதிய கையெழுத்துப் பிரதிகளை வேலைக்காரர் ஒருவர் எடுத்துப் பழைய காகிதமாகக் கடையில் போட்டுவிட்டார். மனமுடைந்த ஹியூம் மொத்தச் சேகரிப்பையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அது நடந்தது 1885-ல், காங்கிரஸ் பிறந்த அதே ஆண்டில். அதற்கு முந்திய சில ஆண்டுகள் அவர் பிரம்மஞான சபையில் தீவிரமாக இருந்தார். பிறகு பிளாவட்ஸ்கியோடு பிணங்கினார். ஆனாலும் நாட்டில் கொந்தளிப்பு மூண்டுவருகிறது என்று தனக்குச் சொன்னவர்கள் குருமார்களின் சீடர்கள் என்ற நம்பிக்கை அவரை விடவில்லை. அவர் வாழ்க்கை வரலாற்றை 1913-ல் எழுதிய வெடர்பர்ன் இதைப் பதிவு செய்திருக்கிறார். இடம்வாரியாக, நாள்வாரியாகப் பறவைகளைக் குறித்து வைத்த மனிதர், நாட்டின் கோபத்தையும் அப்படித் தொகுத்துப் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடையாற்றுக்கு எதிர்க்கரை ஒன்றும் சென்னையில் இருந்தது. 1878-லேயே இங்கே சென்னை இலௌகிக சங்கம் தோன்றிவிட்டது. லண்டனில் சார்லஸ் பிராட்லா நடத்திய நாத்திக இயக்கத்தைப் பின்பற்றியவர்கள். 1882-லிருந்து 1888 வரை ‘தத்துவவிவேசினி’ என்று தமிழிலும் ‘திங்கர்’ என்று ஆங்கிலத்திலும் பத்திரிகை நடத்தினார்கள். சாதி, சடங்கு, குழந்தை மணம், விதவையின் நிலை, படைப்பா பரிணாமமா என்று அவர்கள் எழுதாத பொருள் குறைவு. பெரியார் ‘குடி அரசு’ தொடங்கியது 1925-ல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் இது நடந்திருக்கிறது. பேராசிரியர் வீ. அரசு அந்த இதழ்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பிக்கும்வரை நமக்கு இது கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது.

இந்த நாத்திகர்கள் கொண்டாடிய பிராட்லாவின் வலதுகையாக லண்டனில் மேடையேறியவர் யார் தெரியுமா? அன்னி பெசன்ட். 1874-ல் அந்த இயக்கத்தில் சேர்ந்தார். கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டதற்காக 1877-ல் பிராட்லாவோடு குற்றவாளிக் கூண்டில் நின்றார். அதன் தொடர்ச்சியாகத் தன் மகளை வளர்க்கும் உரிமையையும் இழந்தார். லண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கு அறிவியல் படித்தார். 1888-ல் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்தில் முன்நின்றார். 1889-ல் பிளாவட்ஸ்கியின் நூலுக்கு மதிப்புரை எழுதக் கொடுத்தார்கள். வாசித்தவர், எழுதியவரைத் தேடிப்போய்ச் சந்தித்து, சபையிலும் சேர்ந்துவிட்டார். பழைய தோழர்கள் திகைத்தார்கள். பிராட்லா அந்த டிசம்பரில் பம்பாய் காங்கிரஸுக்கு வந்து, இந்தியாவுக்காக பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவர வாக்களித்துவிட்டுப் போனார். 1891 ஜனவரியில் இறந்தார். அவருடைய இறுதிச் சடங்குக்குப் போனவர்களில் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியும் ஒருவர். காந்தியைப் பகவத்கீதை வாசிக்கவைத்தவர்கள் அதே லண்டனில் இருந்த இரண்டு பிரம்மஞானிகள்.

பெசன்ட் நாத்திகத்தை விட்டார். நாத்திக மேடையில் கற்றதை விடவில்லை. துண்டுப்பிரசுரம், பொதுக்கூட்டம், வழக்கையே பிரச்சாரமாக்குவது, சிறையை வரவேற்பது எல்லாம் அங்கே பழகியவை. 1893-ல் இந்தியா வந்து, 1907-ல் சபையின் தலைவரானவர், 1914-ல் ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்’ நாளிதழை வாங்கி ‘நியூ இந்தியா’ என்று பெயர் மாற்றினார். 1916 செப்டம்பரில் ஹோம் ரூல் லீக்கைத் தொடங்கினார். அயர்லாந்துக்காரர்கள் கேட்ட தன்னாட்சியை இந்தியாவும் கேட்கட்டும் என்பது அவர் வாதம். சபைக் கிளைகள் இருந்த ஊர்களிலெல்லாம் லீக்கின் கிளைகள் மளமளவென்று எழுந்தன. 1917 முடிவில் உறுப்பினர்கள் ஏறக்குறைய 27,000. பரிணாமம் பற்றிய அவருடைய பேச்சும் இங்கே அரசியலாயிற்று. தேசங்களும் வளர்கின்றன, ஒவ்வொன்றுக்கும் உலகத்துக்குத் தர ஒன்று உண்டு, இந்தியா அடிமையாகக் கிடந்தால் உலகத்தின் வளர்ச்சியே தடைப்படும் என்று அவர் சொன்னபோது, கேட்ட மயிலாப்பூர் வக்கீல்களுக்கு அது பரிணாமத் தத்துவவாதி ஸ்பென்சராகவும் கேட்டது, உபநிடதமாகவும் கேட்டது.

1917 ஜூனில் கவர்னர் பென்ட்லண்ட் அவரை ஊட்டியில் காவலில் வைத்தார். மயிலாப்பூர் கடற்கரை வீட்டில் வாழ்ந்த மணி ஐயர் என்கிற சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர், எழுபத்தைந்து வயதை நெருங்கியவர், அமெரிக்க அதிபர் வில்சனுக்கே கடிதம் எழுதினார். லண்டன் நாடாளுமன்றத்தில் அது புகைந்தது. இந்தியாவுக்கான மந்திரி மாண்டேகு அதைக் கண்டித்தபோது, சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் அரசாங்கத்திடமே திருப்பிவிட்டார் அந்த முதியவர். ஒத்துழையாமை இயக்கத்தில் பட்டங்களைத் துறக்கச் சொன்ன காலத்துக்கு முந்திய செய்கை இது. அதற்கு முன்பே, 1917 ஆகஸ்ட் 20 அன்று பொறுப்பாட்சியை நோக்கிய அறிவிப்பு லண்டனிலிருந்து வந்தது; செப்டம்பரில் பெசன்ட் விடுதலை; டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸின் தலைவர். அதற்குப் பிறகு அவர் அரசியல் சரிந்ததை நீட்டவேண்டியதில்லை. காந்தியின் சட்டமறுப்பை அவரால் ஏற்க முடியவில்லை, நாடு காந்தியோடு போய்விட்டது.

எனக்குப் பெரிதாகப் படுவது, அந்தக் கருத்துகளை அவற்றின் சொந்தக்காரர்கள் நினைத்துப் பாராதவர்கள் எடுத்துக்கொண்ட விதம்தான். 1917 மே 8 அன்று அடையாற்றில் மார்கரெட் கசின்ஸும் டோரதி ஜினராஜதாசாவும் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார்கள்; பெசன்ட் தலைவர். அந்த டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்து ஓட்டுரிமை கேட்டது. 1921-ல் சென்னை மாகாணம், சொத்துத் தகுதி போன்ற வரம்புகளோடுதான் என்றாலும், இந்திய மாகாணங்களில் முதலாவதாகப் பெண்களுக்கு அதைக் கொடுத்தது. அந்தச் சங்கத்தின் முயற்சியில் 1927-ல் சட்டசபைக்குப் போன டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பிறகு அவ்வை இல்லத்தையும் 1954-ல் புற்றுநோய் மருத்துவமனையையும் அதே அடையாற்றில் எழுப்பினார். இன்னொரு பக்கம், பெசன்ட்டின் சகாவான பி. பி. வாடியா அடையாற்றிலிருந்து நகரின் மறுகோடிக்குப் போனார். பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டார். செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, திரு. வி. க. ஆகியோரோடு சேர்ந்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள்.

எதிர்த்தவர்களையும் அடையாறுதான் உசுப்பியது. பிளாவட்ஸ்கியின் பரிணாமக் கணக்கில் மனித குலம் மூல இனங்களாக ஏறிவருகிறது. ஐந்தாவது, ஆரிய இனம். சாதி அடுக்கு அந்த ஏற்றத்தின் படிகள் என்று பெசன்ட் தொடக்க ஆண்டுகளில் விளக்கினார். 1909-ல் ஜி. ஏ. நடேசனின் ‘இந்தியன் ரிவ்யூ’வில், ஒடுக்கப்பட்ட வகுப்புக் குழந்தைகளை மற்றவர்களோடு ஒரே பள்ளியில் உட்காரவைக்கக் கூடாது என்று வாதிட்டு எழுதினார். அதை அம்பேத்கர் மறக்கவில்லை. 1945-ல் எழுதிய நூலில் நீளமாக எடுத்துக் காட்டினார். அறிவியலின் உடையை உடுத்திக்கொண்டு வந்த இந்த இனக்கணக்கு விடுதலைப் பேச்சின் உள்ளேயே இருந்தது என்பதை மறைத்துவிட்டு ஹோம் ரூலின் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

ஆகவே ஹோம் ரூல் வந்தால் ஆளப்போவது யார் என்ற கேள்வி எழுந்ததில் வியப்பென்ன? லீக் பிறந்த இரண்டே மாதத்தில், 1916 நவம்பர் 20 அன்று, வேப்பேரியில் கூடியவர்கள் பின்னாளில் நீதிக்கட்சியாக அறியப்பட்ட அமைப்பைத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் பிட்டி தியாகராயச் செட்டியார் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை, எண்களை வைத்து வாதாடியது: 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் சர்வீஸ் தேர்வில் வென்ற 16 பேரில் 15 பேர் பிராமணர்கள். கட்சியின் இன்னொரு தலைவரான டாக்டர் டி. எம். நாயர் எடின்பரோவில் மருத்துவம் படித்தவர், ‘ஆன்டிசெப்டிக்’ என்ற மருத்துவப் பத்திரிகையை நடத்தியவர். பெசன்ட்டோடு முன்பே நீதிமன்றம்வரை மோதியிருந்தார். இன்றைய தியாகராய நகரின் வரைபடத்தில் அந்தக் கட்சி அப்படியே படுத்திருக்கிறது. ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்த அந்தக் குடியிருப்புக்குத் தியாகராயர் பெயர். நடுவில் முதல்வராக இருந்த பனகல் அரசர் பூங்கா. கட்சித் தலைவர்கள் பெயரில் நாயர் சாலை, நடேசன் பூங்கா (இவர் ‘இந்தியன் ரிவ்யூ’ நடேசன் அல்ல), உஸ்மான் சாலை. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் பெயர்தான் மக்கள் வாயில் பாண்டி பஜார் என்று வழங்குகிறது.

கடைசியாகச் சொல்ல வைத்திருந்தது ராயப்பேட்டைக் கிளை. ஆல்காட் 1894-ல் அடையாற்றுப் பக்கத்தில் பஞ்சமர்கள் என்று அழைக்கப்பட்ட ஒடுக்கப்பட்டோருக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் அவரோடு தொடர்பு கொண்டார். 1898-ல் இருவரும் கொழும்பு போனார்கள். அங்கே தீட்சை பெற்றுத் திரும்பிய பண்டிதர் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஆல்காட்டின் கையைப் பிடித்துப் போனவர், ஆல்காட் போகாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். தம் மக்கள் பூர்வ பௌத்தர்கள், சாதி பின்னால் சுமத்தப்பட்டது என்று 1907-ல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில் வாரந்தோறும் வாதிட்டார். சாதியைத் தொடாத சுதேசியத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் சங்கத்தின் கிளைகள் எழுந்தன.

அதே பௌத்த வட்டத்தில் அறிவியல் பேராசிரியர் லட்சுமி நரசு இருந்தார். கடற்கரையோரம் குடியிருந்த வக்கீல் ம. சிங்காரவேலரும் இருந்தார், மகாபோதி சங்கக் கூட்டங்கள் அவர் வீட்டில் நடந்தன. புத்தரிடமிருந்து டார்வினுக்கும் மார்க்ஸுக்கும் போவது அவருக்குத் தொலைவாகப் படவில்லை. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் செங்கொடியோடு இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1930-களில், எழுபது வயது தாண்டிய நிலையில், பெரியாரின் ‘குடி அரசு’க்கு வானியலும் பரிணாமமும் உளவியலும் தமிழில் எழுதினார். பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று அரசியல் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும்? உலகம் இப்படி அமைந்தது தெய்வ ஆணை இல்லை என்று தெரிந்தவன்தான் ஊர் இப்படி அமைந்ததும் தெய்வ ஆணை இல்லை என்று கேட்பான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தத்துவவிவேசினிக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து அந்த வேலை மறுபடி தொடங்கியது, இந்தத் தடவை பின்னால் ஒரு பெருங்கூட்டத்தோடு.

லட்சுமி நரசு 1907-ல் பௌத்தத்தின் சாரம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல், புத்தரை அற்புதங்கள் நீங்கிய, காரண காரியம் கேட்கிற ஆசிரியராகக் காட்டியது. மகாத்மாக்களும் மறைஞானமும் அதில் இல்லை. சாதிக்கு எதிரான வழக்கை அது பகுத்தறிவின் மேல் நிறுத்தியது. 1948-ல் அந்த நூல் மறுபடி அச்சானபோது முன்னுரை எழுதி வெளியிட்டவர் டாக்டர் அம்பேத்கர். எட்டு ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று, நாக்பூரில் பல லட்சம் மக்களோடு அவர் பௌத்தம் தழுவினார்.